ராயபுரம் ஸ்டேஷனும் ஒரு ரோஜாப்பூவும்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகளின் அலமாரி மேலிருந்த பழைய டேபிள் ஃபேனை எடுக்க ஸ்டூல் போட்டு ஏறினேன். ஃபேன் வரவில்லை. ஒரு புத்தகம் தலையில் விழுந்தது. ஐந்நூறு பக்கத்துக்கு மேல் இருக்கும். தலையில் வாங்கினவன் சொல்கிறேன்... கனமான இலக்கியம்தான்.

கறுத்த அட்டை. 'ஹான்டிங் அடெலின்' என்று பெயர். எச்.டி.கார்ல்டன் என்ற அமெரிக்க அம்மாள் 2021-ல் எழுதியது. 'டார்க் ரொமான்ஸ்' வகையாம். ரொமான்ஸ் என்றால் எனக்கென்ன பயம்? தங்கச்சிக்கு என்று பொய் சொல்லி, வாடகை நூல் நிலையத்தில் ரமணிசந்திரன் நாவல்களாக வாங்கிப் படித்த பரம்பரை நான். அதிலும் கோபக்கார, பணக்கார நாயகன் வருவான். நாயகியைத் தப்பாகப் புரிந்துகொண்டு வார்த்தையால் குத்துவான், கடைசியில் உருகுவான். நாமும் உருகி, அடுத்த புத்தகம் எடுக்கப் போவோம்.

இதில் முதல் பக்கத்தைத் திறந்தால் கதை இல்லை, எச்சரிக்கை! 'உள்ளே இன்னின்ன கொடுமையெல்லாம் இருக்கிறது, மனசு தாங்காதவர்கள் படிக்க வேண்டாம்' என்று எழுதினவரே பட்டியல் போட்டிருக்கிறார். இந்த மாதிரி வாசகத்தை எண்ணூர் பக்கம் டாங்கர் லாரிகளின் முதுகில்தான் பார்த்திருக்கிறேன். எச்சரிக்கை போட்டால் எட்டிப் பார்ப்பதுதானே நம்ம சுபாவம்? லிப்கோ டிக்ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

நாயகி ஓர் எழுத்தாளர். பாட்டி விட்டுப்போன பழைய பங்களாவில் தனியாக இருக்கிறாள். ஒருத்தன் அவளைப் பார்க்கிறான். பார்த்த நாளிலிருந்து விடாமல் பின்தொடர்கிறான். பூட்டின வீட்டுக்குள் புகுந்து ரோஜாப்பூ வைத்துவிட்டுப் போகிறான். வில்லன் பலே ஆள்தான், கதாநாயகன் வந்து இவனை எப்படிப் புரட்டி எடுக்கப் போகிறான் என்று காத்திருந்தேன். நூறு பக்கம் தாண்டித்தான் உறைத்தது. இவன்தான்யா கதாநாயகன்! வெளியே பெண்களைக் கடத்துகிற கும்பலை வேட்டையாடுகிற உத்தமனாம். அதற்கப்புறம் வருகிற சில பக்கங்களை இங்கே எழுதினால், இந்தப் பக்கம் அடுத்த வாரம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

"சீச்சீ" என்று மூடினேன். மூடினது ராத்திரி பதினொரு மணி. மறுபடி திறந்தது பதினொன்றே கால். ரெண்டு மணிக்கு எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்ததில் தலையணையைக் கட்டிக்கொண்டேன்.

நாலு ராத்திரியில் முடித்தேன். வெள்ளிக்கிழமை வடிவுடையம்மன் கோயிலுக்குப் போனோம். மகிழ மரத்தடியில் நின்றபோது என் மனைவியிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "வெளிநாட்டுக்காரனை ஏன் சொல்லணும்? நம்ம ஒற்றியூர்லயே நடந்த கதைதானே..."

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். சேக்கிழார் பாடியிருக்கிறார். திருவாரூரில் பரவையார் இருக்க, இங்கே வந்த சுந்தரர் பூத்தொடுத்துக் கொண்டிருந்த சங்கிலியாரைப் பார்த்துவிட்டார். 'உன்னைப் பிரியேன்' என்று சத்தியம் செய்தால்தான் கல்யாணம் என்ற நிலை. இவர் சிவபெருமானிடமே சிபாரிசுக்குப் போனார். "நான் சன்னதியில் சத்தியம் பண்ண வரும்போது, நீர் கொஞ்சம் மகிழ மரத்தடிக்கு நகர்ந்துக்கும்!" பெருமான் சரி என்றார். சங்கிலியார் கனவில் போய், 'மகிழடியில் சத்தியம் கேள்' என்றும் சொல்லிவிட்டார். டபுள் கேம்! மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என்று இன்றைக்கும் கொண்டாடுகிறோம்.

"காதல்னா கொஞ்சம் தில்லுமுல்லு இருக்கத்தான் செய்யும்" என்று முடித்தேன்.

"சத்தியத்தை மீறி ஊர் எல்லையத் தாண்டுனதும் அவருக்கு ரெண்டு கண்ணும் போச்சே... அத்த ஏன் வுட்டுட்டீங்க?" என்றாள். வீடு வரைக்கும் நான் பேசவில்லை.

வீட்டில் மகள் புத்தகத்தைத் தேடிக் கொண்டிருந்தாள். குற்றவாளியிடம் புத்தகமும் டிக்ஷனரியும் சேர்ந்து சிக்கின. எதிரடி அடிப்போம் என்று குரலை உயர்த்தினேன். "இந்தக் கண்றாவியெல்லாம் படிக்கலாமா? பின்னாடியே சுத்துறவன் ஹீரோவா?"

"அப்பா, 'உதரிங் ஹைட்ஸ்' 1847-ல வந்தது. அந்த ஹீத்கிளிஃப் என்ன உத்தமனா? அதைக் காலேஜ்ல பாடமா வெக்கிறாங்க. இது கதைப்பா. புடிக்கலன்னா மூடிடலாம். தேரடி மெட்ரோல ரெண்டு வாரமா எம் பின்னாடி ஒருத்தன் வந்தான் பாரு, அவனைத்தான் மூட முடியல."

எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. "எவன்? எப்போ?"

"முடிஞ்சுது. கம்ப்ளெயின்ட் குடுத்துட்டேன். 2013-லயே இதைத் தனிக் குற்றம்னு சட்டத்துல சேர்த்துட்டாங்க. இப்ப புதுச் சட்டத்துல 78-வது பிரிவு."

"எங்கிட்ட ஏன்மா சொல்லல?"

"அம்மாகிட்ட சொன்னேனே."

சமையலறைக்குப் போனேன். அவள் வஞ்சிரத்துக்கு மசாலா தடவிக் கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள். "உங்ககிட்ட சொன்னா நீங்க ராயபுரம் கதைய எடுப்பீங்கன்னுதான் சொல்லல."

ராயபுரம் கதை! எங்கள் உறவில் எந்தக் கல்யாணப் பந்தியிலும் நான் சொல்லாமல் விட்டதில்லை. 1989. அவள் திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். நான் பக்கத்துத் தொழிற்சாலையில் ஃபிட்டர். சாயங்கால ரயிலில் அவள் ஏறும் பெட்டிக்கு அடுத்த பெட்டி. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட அதே ராயபுரம் ஸ்டேஷனில் இறங்கி, அவள் தெரு முனை வரைக்கும் இருபதடி பின்னால் ஆறு மாசம் நடந்தேன். நடுவில் ரெண்டு மாசம் அவளைக் காணவே இல்லை. உடம்பு சரியில்லையோ என்று வடிவுடையம்மனுக்கு வெள்ளிக்கிழமைதோறும் கற்பூரம் ஏற்றினேன். இந்த இடத்தில் பந்தியே உருகும்.

"உடம்பு நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். "ஒரு ஸ்டேஷன் முன்னாடியே வண்ணாரப்பேட்டைல எறங்கி இருட்டுல நடந்தேன். எங்கண்ணன்கிட்ட சொன்னா வேலைய வுட்டு நிறுத்திடும். யாராண்ட சொல்றது?"

முப்பத்தைந்து வருஷக் கற்பூரம் ஒரே நிமிஷத்தில் அணைந்தது.

"அப்புறம் என்னாத்துக்குக் கட்டிக்க சம்மதிச்சே?"

"உங்கம்மாவக் கூட்டிக்கினு வாசல்ல வந்து நின்னு கேட்டீங்க. அன்னிக்குத்தான் மூஞ்சிய நேராப் பாத்தேன். பின்னாடி வர்றவனுக்கு மூஞ்சி ஏது?"

மீன் வறுபட்டது. அன்றைக்குச் சாப்பாட்டில் நான் பேசவில்லை, ரெண்டு துண்டு கூடவும் கேட்கவில்லை.

ராத்திரி ஒரு மணிக்கு எழுந்தால் கூடத்தில் லைட் எரிகிறது. மூக்குக் கண்ணாடியோடு அம்மணி. மடியில் அந்தப் புத்தகம். டைப்பிஸ்ட் இல்லையா, டிக்ஷனரிகூடத் தேவைப்படவில்லை.

"எத்தனாவது பக்கம்?" என்றேன்.

"சும்மா இருங்க. வூட்டுக்குள்ள பூ வெச்சுட்டுப் பூட்டான்."