ஆயாவின் குரலுக்கு என்ன மைக் வாங்குவது?

"பாட்காஸ்ட் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், என்ன மைக் வாங்கலாம் தோழர்?"

மாதத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். பெரும்பாலோர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். கையில் மூவாயிரம் இருக்கும், இன்னும் பத்தாயிரம் கடன் வாங்கத் தயாராக இருப்பார்கள். கருப்புச் சுவர், நீல விளக்கு, வாய்க்கு முன்னால் தொங்கும் பெரிய மைக் என்று யாரோ உட்கார்ந்து பேசுவதை யூடியூபில் பார்த்திருப்பார்கள். அதெல்லாம் இல்லாமல் பேசத் தங்களுக்குத் தகுதியில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். சில ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்புக்காக ஆறு மாதம் தவணை கட்டினேன்.

விழுப்புரம் மாவட்டத்தில் எங்கள் காலனியின் மூத்தவர்களுடைய வாழ்க்கையைப் பதிவு செய்ய வேண்டும் என்பது என் ஆசை. பண்ணையாளாக இருந்தவர்கள், கூலி உயர்வு கேட்டு அடிபட்டவர்கள், கொட்டாங்குச்சியில் டீ குடித்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்தார்கள். கடன் வாங்கி ஒரு கண்டென்சர் மைக் வாங்கினேன். என் பாட்டியின் தங்கையை, நாங்கள் சின்னாயா என்று கூப்பிடுவோம், முதல் ஆளாக உட்கார வைத்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சிமெண்ட் தரை, வெறும் சுவர்கள். ஒரு மணி நேரம் பேசினார். அன்றிரவு போட்டுக் கேட்டால் மின்விசிறி கேட்டது, பக்கத்து வீட்டுக் குக்கர் கேட்டது, தெருமுனை டீக்கடையின் பாட்டு கேட்டது. ஆயாவின் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

எனக்கு முதலில் வந்த எண்ணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். "நம்ம இடமெல்லாம் இதுக்கு லாயக்கில்ல." தப்பு மைக் தேர்வில் இருந்தது. நான் பழியை எங்கள் காலனியின் மீது போட்டேன். அது எத்தனை பழைய பழக்கம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நடந்தது இதுதான். கண்டென்சர் மைக் நுண்ணிய ஒலியையும் விடாமல் பிடிக்கும். அதனால்தான் எதிரொலியை அடக்கிய, வெளிச்சத்தம் புகாத ஸ்டுடியோ அறைகளில் அது அருமையாக வேலை செய்கிறது. வெறும் சுவரும் தகரக் கூரையும் உள்ள வீட்டில் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் குரலையும் சேர்த்துப் பிடித்துவிடும். டைனமிக் மைக் அவ்வளவு கூர்மையானது அல்ல. வாயருகே வைத்துப் பேசினால் பக்கத்துக் குரலை எடுத்துக்கொண்டு, தூரத்துச் சத்தத்தைப் பெருமளவு விட்டுவிடும். மேடைகளில் காலங்காலமாகக் கையில் பிடித்துப் பேசுகிறார்களே, அது பெரும்பாலும் டைனமிக் மைக்தான். கூட்டத்துக்கு நடுவே பேசுகிறவர்களுக்கான கருவி அது.

அமைதியும் ஒரு சொத்து என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். தனி அறை, தடித்த சுவர், சுற்றிலும் காலி மனை உள்ளவருக்குத்தான் அமைதி கிடைக்கிறது. ஊருக்கு வெளியே இரண்டு சென்ட் இடத்தில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் அது கிடைக்காது. "ப்ரொஃபஷனல் சவுண்ட்" என்று விற்கப்படுவதில் பாதி, மைக்கின் திறமையே அல்ல. நிலம் வைத்திருப்பவரின் வசதி.

யார் பேசலாம் என்பதைக் கருவி வைத்திருப்பவரும் உரிமம் வைத்திருப்பவரும் தீர்மானிப்பது நமக்குப் புதிதல்ல. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார், விலையையே பெயராக வைத்தார். அம்பேத்கர் 1920 ஜனவரி 31இல் 'மூக்நாயக்'கைக் கொண்டுவந்தபோது, காசு கொடுத்தும் அதற்கான விளம்பரத்தைப் போட 'கேசரி' மறுத்தது. கோலாப்பூரின் சாகு மகாராஜா கொடுத்த 2,500 ரூபாய் அந்த இதழுக்குக் கைகொடுத்தது. இவர்கள் யாரும் பெரிய அச்சகம் கிடைக்கட்டும் என்று காத்திருக்கவில்லை.

வானொலியின் கதையும் இதுதான். அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1995இல். அதன் பிறகும் சமுதாய வானொலி உரிமம் 2002இல் முதலில் கல்வி நிறுவனங்களுக்குத்தான் திறக்கப்பட்டது. தொண்டு அமைப்புகளுக்கு 2006இல்தான் வழி கிடைத்தது. தெலங்கானாவின் ஜஹீராபாத் பகுதியில் தலித் பெண்கள் நடத்தும் 'சங்கம் ரேடியோ' 2008 அக்டோபரில் ஒலிபரப்பைத் தொடங்கியது. உரிமம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அந்தப் பெண்கள் ஒலிப்பதிவு செய்து, நாடாக்களைச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விதை, மண், பாட்டு, கூலி என்று தங்கள் வாழ்க்கையைத் தங்கள் பேச்சிலேயே பேசினார்கள். பாட்காஸ்டுக்கு அந்த உரிமமும் தேவையில்லை. நமக்கு முன்னால் நடந்தவர்களுக்குக் கிடைக்காத வாசல் இது.

அதே நேரம், "உள்ளடக்கம் போதும், சத்தம் எப்படி இருந்தால் என்ன" என்று சொல்லும் தோழர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. நம் நிகழ்ச்சியைக் கேட்பவர் யார்? வேலை முடிந்து நெரிசலான பேருந்தில் நிற்பவர். கம்பெனி விடுதியில் நூறு ரூபாய் இயர்போனில் கேட்பவர். பேச்சு புரியவில்லை என்றால் இரண்டாவது நிமிடத்தில் அணைத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. தெளிவு என்பது ஆடம்பரம் அல்ல, கேட்பவருக்குத் தரும் மரியாதை. ஆகவே பகட்டுக்குச் செலவு செய்யாதீர்கள், தெளிவுக்குச் செய்யுங்கள்.

தொடங்குவதற்கு உங்கள் கைபேசியும் கம்பி வைத்த ஒரு காலர் மைக்கும் போதும். ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்க்கு, ஆறு மீட்டர் கம்பியோடு நல்லது கிடைக்கிறது. கைபேசியில் இயர்போன் துளை இல்லை என்றால் டைப்-சி இணைப்பான் ஒன்று வாங்க வேண்டும். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் கீழே, சேலையோ சங்கிலியோ உரசாத இடத்தில் குத்துங்கள். கைபேசியை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், இல்லாவிட்டால் நல்ல பேச்சுக்கு நடுவே அழைப்பு வரும். கூடுமானால் வேவ் வடிவத்தில் பதியுங்கள். முதல் ஒரு நிமிடத்தைப் பதிந்து, இயர்போனில் கேட்டுப் பார்த்த பிறகே தொடருங்கள். இந்த ஒரு நிமிடச் சோம்பேறித்தனத்தால் நான் இழந்த பேட்டிகள் இரண்டு.

அடுத்தது அறை. எதிரொலியைக் கொல்லப் பஞ்சு அட்டைகள் வாங்க வேண்டாம். மெத்தை, ஜமுக்காளம், கொடியில் தொங்கும் துணிகள், அடுக்கிய நெல் மூட்டைகள் எல்லாம் ஒலியை உறிஞ்சும். பேசுபவருக்குப் பின்னாலும் எதிரிலும் கனமான போர்வையைத் தொங்கவிடுங்கள். மின்விசிறியைப் பதினைந்து நிமிடம் நிறுத்திவிட்டு, பிறகு போட்டு இளைப்பாறிவிட்டுத் தொடருங்கள். எல்லோரும் அமைதியாக இருக்க, பத்து விநாடி வெறும் அறையைப் பதிந்து வையுங்கள். பின்னால் இரைச்சலைக் குறைக்க அந்த மாதிரிதான் உதவும்.

இரண்டு பேர் பேசினால் இரண்டு கைபேசி, இரண்டு காலர் மைக். பதிவைத் தொடங்கியதும் ஒரு தடவை பலமாகக் கைதட்டுங்கள். எடிட் செய்யும்போது இரண்டு கோப்பிலும் அந்தக் கைதட்டலைப் பொருத்தினால் பேச்சு சேர்ந்துகொள்ளும். பத்து அத்தியாயம் வெளியிட்ட பிறகும் ஆர்வம் குறையவில்லை என்றால், அப்போது ஒரு டைனமிக் மைக் வாங்குங்கள். சாம்சன் கியூ2யூ போன்றவற்றில் யுஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் இரண்டு இணைப்பும் உண்டு. இன்று நேராக மடிக்கணினியில் செருகலாம், நாளை ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கினாலும் அதே மைக் உதவும். வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுச் சாய்த்து, நான்கு விரல்கிடை தூரத்தில் வைத்தால் 'ப', 'ப்ப' வரும்போது காற்று வெடிக்காது.

எடிட்டிங்குக்கு ஆடாசிட்டி இலவசம். ஒலி அளவைச் சீராக்க, ஸ்டீரியோ என்றால் மைனஸ் 16, மோனோ என்றால் மைனஸ் 19 எல்யூஎஃப்எஸ் வைத்தால் போதும். தனிக் குரலுக்கு 64 கேபிபிஎஸ் மோனோ எம்பி3 தாராளம். அரை மணி நேரம் 15 எம்பிக்குள் அடங்கும், கேட்பவரின் டேட்டாவும் மிஞ்சும். இலவசத் தளங்களில் ஏற்றுங்கள், ஆனால் மூலக் கோப்புகளை இரண்டு இடத்தில் உங்களிடமே வையுங்கள். கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024இல் மூடப்பட்டது. தளங்கள் வரும், போகும். நம் மக்களின் சாட்சியம் தளத்தோடு போய்விடக் கூடாது.

இனி, எந்தக் கடையிலும் கிடைக்காத இரண்டு விஷயங்கள்.

முதலாவது பேச்சு வழக்கு. சென்னையில் ஒலித்துறையில் இருக்கும் நண்பர் ஒருவர் என் முதல் அத்தியாயத்தைக் கேட்டுவிட்டு, "குரல் நல்லா இருக்கு, ஸ்லாங்கை மட்டும் கொஞ்சம் சரி பண்ணிக்கோ" என்றார். நல்லெண்ணத்தில் சொன்னார். எதற்கு ஏற்பச் சரி பண்ண வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு வாரம் செய்தி வாசிப்பவர்போலப் பேசிப் பழகினேன். அந்தப் பதிவைக் கேட்ட என் அம்மா, "இது யாருடா?" என்றார். அதோடு விட்டேன். சொல் தெளிவாகக் கேட்க வேண்டும், அது பயிற்சியில் வரும். சொல் யாருடையதாக இருக்க வேண்டும் என்பதை மற்றவர் முடிவு செய்ய விடக் கூடாது.

இரண்டாவது, பேசியவரின் பாதுகாப்பு. சின்னாயாவை இரண்டாம் முறை, பக்கத்துத் தொகுப்பு வீட்டில் போர்வைகளைத் தொங்கவிட்டு, காலர் மைக்கில் பதிந்தேன். ஒவ்வொரு சொல்லும் துல்லியமாக விழுந்தது. ஓர் இடத்தில், நிலக்காரர் ஒருவர் தன் அக்காளுக்கு, அதாவது என் பாட்டிக்கு, என்ன செய்தார் என்று பெயரோடு சொன்னார். சொல்வதற்கு முன்னால் நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். வீட்டுக்கு வந்து எடிட் செய்யும்போது, மௌனங்களைத் தானாகச் சுருக்கும் வசதியை ஓடவிட்டேன். அந்த மௌனம் அரை விநாடியாகிவிட்டது. தடங்கலில்லாமல், மிகவும் 'ப்ரொஃபஷனலாக' இருந்தது. கேட்கக் கேட்க எனக்கே கூசியது. பழையபடி மாற்றினேன்.

ஆனால் வெளியிடலாமா? அவருடைய பேரன் இன்னமும் அந்தக் குடும்பத்தின் செங்கல் சூளையில்தான் வேலை செய்கிறான். எங்கள் ஊரில் ஒரு குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். மைக் எத்தனை துல்லியமோ, அத்தனை ஆபத்து. மென்பொருளில் குரலை மாற்றலாம்தான், ஆனால் சுருதியை மட்டும் கூட்டிக் குறைத்தால் அதைத் திரும்பப் பழையபடி ஆக்கிவிட முடியும். இயர்போனை ஆயாவின் காதில் வைத்து முழுவதையும் கேட்க வைத்தேன். முடிந்ததும் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது அவுங்க காதுக்குப் போவுமா கண்ணு?"

"போகலாம் ஆயா."

"அப்ப பேரை எடுத்துடு. சேதிய எடுக்காத."

அந்தப் பகுதியை மட்டும் வேறு மாவட்டத் தோழர் ஒருவர் தன் குரலில் வாசித்தார். ஊரும் பெயரும் இல்லை. ஆயாவின் சொந்தக் குரல் என்னிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. அது எப்போது வெளியே வர வேண்டும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே தோழர்களே, உங்களிடம் ஐயாயிரம் இருந்தால் நான் சொல்லும் கணக்கு இது. ஆயிரத்துக்குக் காலர் மைக். ஐந்நூறுக்கு இணைப்பானும் இயர்போனும். மீதியைப் பேச வருபவரின் ஒரு நாள் கூலிக்கும் உங்கள் பேருந்துக் கட்டணத்துக்கும் வையுங்கள். அவர் வேலையை விட்டுவிட்டு வந்துதான் உங்களோடு பேசுகிறார். பதிந்ததை முதலில் அவருக்கே போட்டுக் காட்டுங்கள். அவர் எடுக்கச் சொன்னதை எடுங்கள், எடுக்காதே என்றதை யார் சொன்னாலும் எடுக்காதீர்கள்.

அந்தக் கண்டென்சர் மைக்கைப் பாதி விலைக்கு விற்றுவிட்டேன். சின்னாயாவோடு பேச வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. அவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. உங்கள் தெருவிலும் ஓர் ஆயா இருப்பார். மைக் வாங்கிக் காத்திருக்காமல், இந்த ஞாயிற்றுக்கிழமையே கைபேசியோடு போய் உட்காருங்கள்.

ஜெய்பீம்.