சின்னச் சங்கம் எதற்கு என்று கேட்போருக்கு

சில மாதங்களாக நம் உறுப்பினர்களிடையே ஒரு பேச்சு அடிபட்டு வருகிறது. "தெருவுக்குத் தெரு முப்பது வீடு, நாற்பது வீடு என்று கூடிப் பேசி என்ன ஆகப்போகிறது? கேரளத்திலுள்ள தமிழர் அனைவரையும் ஒரே முகநூல் பக்கத்தில் சேர்த்துவிட்டால் லட்சம் பேர் ஆகிவிடுவோமே! லட்சம் பேரைக் கண்டால் அரசாங்கம் இறங்கி வராதா?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். பெரியவர்களில் ஒரு சாரார், ஏதாவதொரு பெரிய தொழிற்சங்கச் சம்மேளனத்தோடு ஒட்டிக்கொண்டால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்கிறார்கள். இரண்டும் நல்லெண்ணத்தில் பிறந்த யோசனைகளே. ஆயினும் இரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

எண்ணிக்கை பலம்தான். அதை யார் மறுப்பார்? ஆனால் கூட்டம் வேறு, சங்கம் வேறு. மட்டாஞ்சேரி மண்ணில் நிற்கிற நமக்கு இந்த வேறுபாட்டை வெளியூர்க்காரர் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

நெடுநாள் இங்கே வாழ்ந்த குடும்பங்களுக்குச் சாப்பா என்றால் என்னவென்று தெரியும். புதிதாக வந்தோருக்காகச் சொல்கிறோம். கொச்சித் துறைமுகத்தில் கப்பல் சரக்கை ஏற்றி இறக்க அன்று நிரந்தர ஆள் கிடையாது. விடியுமுன்பே தொழிலாளர்கள் பெருங்கூட்டமாக வந்து நிற்பார்கள். மூப்பன், அதாவது கங்காணி, கையிலுள்ள உலோக வில்லைகளை அந்தக் கூட்டத்தின் நடுவே விட்டெறிவான். அந்த வில்லைதான் சாப்பா. எவன் கையில் அது சிக்கியதோ அவனுக்கு அன்று வேலை. சிக்காதவன் வீட்டில் அன்று உலை கிடையாது. ஒரு வில்லைக்குப் பலர் பாய்ந்து, ஒருவரை ஒருவர் மிதித்து, மண்ணில் புரண்டு பிடுங்குவார்கள். இந்த இழிவை எதிர்த்து 1953-ஆம் ஆண்டு தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்தினர். சைது, சைதலவி ஆகிய இரு தோழர்கள் குண்டுக்குப் பலியானார்கள். அந்தோணி என்ற தோழர் போலீசாரின் சித்திரவதைக்குப் பலியானார். கே.எம். சிதம்பரன் இதை நாடகமாக எழுதினார். அதே 'துறமுகம்' 2023-இல் ராஜீவ் ரவியின் இயக்கத்தில் திரைப்படமாகவும் வந்தது. பார்க்காதவர்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. கூட்டம் பெரிதாகப் பெரிதாக யாருக்கு லாபம்? வில்லை எறிபவனுக்கு! நூறு பேர் நின்றால் ஒரு கூலி, ஆயிரம் பேர் நின்றால் அதில் பாதி. ஆயிரம் பேரும் உழைப்பாளிகள்தான். ஆனால் பக்கத்தில் நிற்பவனின் பெயர் என்ன, அவன் நேற்றும் வெறுங்கையோடு போனானா என்பதை ஒருவனும் அறியாதவரை அது சங்கமாகாது.

இன்றோ சாப்பா கைப்பேசிக்குள் வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் ஒரு குழுவில் 1024 பேர் வரை இருக்கலாம். முகநூலுக்கு உலகெங்கும் முந்நூறு கோடிக்கு மேல் ஆட்கள். 'கொத்தனாருக்குக் கையாள் இருவர் தேவை' என்று ஒரு காண்டிராக்டர் அந்தப் பெருங்குழுவில் ஒரு வரி போட்டால் என்ன நடக்கிறது என்று நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்! அரை மணியில் அறுபது பேர் அழைக்கிறார்கள். முதலில் அழைத்தவன் ஒரு கூலி கேட்கிறான். அடுத்தவன் நூறு ரூபாய் குறைத்துக்கொள்கிறான். கடைசியில் போனவன் சாப்பாடு இல்லாமலும் வரத் தயார் என்கிறான். அறுபது பேரும் தமிழர், ஒரே பக்கத்தில் 'தமிழர் ஒற்றுமை ஓங்குக' என்று விரலால் தட்டியவர்கள்! காண்டிராக்டர் தனியாக எவரையும் வஞ்சிக்க வேண்டிய அவசியமே இல்லை, கூட்டமே அவருடைய வேலையைச் செய்து கொடுத்துவிடுகிறது.

கூலி மட்டுமா? உயிர் பயத்தையும் கூட்டம் விதைக்கும். 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடந்ததை நினைவிற் கொள்க. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் சமூக வலைத்தளங்களில் பரப்பப்பட்டன. எங்கோ எதற்கோ எடுத்த படங்கள். தமிழ்நாட்டுக் காவல்துறை வழக்குப் போட்டது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துப் போயிற்று. ஆயினும் திருப்பூரிலும் பிற இடங்களிலும் ரயிலைப் பிடிக்க ஓடியவர்கள் ஓடினார்கள். அவர்கள் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் கொதித்தபோது இடுக்கித் தோட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் மலையிறங்கித் தேனிப் பக்கம் போன காட்சியை நாம் மறக்கவில்லை. அப்படியொரு நாளில் எது உண்மை, எது புரட்டு என்று நமக்கு யார் சொல்லுவார்? லட்சம் பேர் பார்த்த வீடியோ சொல்லாது. அந்த இடத்தில் வேலை செய்கிற, நமக்குப் பெயர் தெரிந்த, போன் போட்டால் எடுக்கிற ஒரு மனிதர்தான் சொல்ல முடியும்.

மூணாறு சொல்லும் பாடம்

பெரிய சம்மேளனத்தோடு ஒட்டிக்கொள்வோம் என்பவர்களுக்கு மூணாறு நினைவிருக்கிறதா? நம்மில் பலருக்கு அங்கே அத்தை வீடும் மாமன் வீடும் உண்டு. இருந்தும் அந்தப் போராட்டத்தைச் சரியாக அறிந்தவர் குறைவு.

2015 செப்டம்பரில் கண்ணன் தேவன் தேயிலைத் தோட்டங்களில் போனஸ் 10 சதவீதம் என்று அறிவித்தார்கள். முந்தைய ஆண்டில் கிடைத்தது 19 சதவீதம். அங்கே சங்கங்களுக்குப் பஞ்சமா? மூன்று பெரும் கட்சிகளின் மூன்று பெரும் சங்கங்கள். மாதந்தோறும் சந்தா பிடிக்கிறார்கள், மாநிலத் தலைநகரில் அலுவலகம், டில்லியில் அலுவலகம். கொழுந்து கிள்ளுகிற பெண்ணுக்கு அன்றைய தினக்கூலி 232 ரூபாய். சங்கத்து மேடையில் அவளுக்கு இடமில்லை. லயத்து வீட்டில் ஓர் அறை, ஒரு சமையலறை. அதில்தான் மூன்று தலைமுறை.

அந்தப் பெண்களே எழுந்தார்கள். ஒரே மலையில் கூடை சுமந்து, ஒரே இடத்தில் நின்று கொழுந்து நிறுத்து, ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிற பெண்கள். ஒரு லயத்திலிருந்து அடுத்த லயத்துக்கு, ஓர் எஸ்டேட்டிலிருந்து அடுத்த எஸ்டேட்டுக்குச் செய்தி வாய்மொழியாகவே போயிற்று. துண்டறிக்கை அடிக்கவில்லை, தலைவர் படம் ஒட்டவில்லை. சில நாட்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சமாதானம் பேச வந்த சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் அண்ட விடவில்லை. பெம்பிளை ஒருமை என்று அதற்குப் பெயர் வந்தது. ஒன்பது நாள் போராட்டத்துக்குப் பின் செப்டம்பர் 13 அன்று 8.33 சதவீதம் போனசும் 11.67 சதவீதம் கருணைத் தொகையுமாக மொத்தம் 20 சதவீதம் தர நிர்வாகம் ஒப்புக்கொண்டது. அடுத்த மாதம் தினக்கூலி 301 ஆயிற்று. அவர்கள் கேட்டது 500. ஆகவே முழு வெற்றி என்று நாம் முழங்கப் போவதில்லை. ஆனாலும் நீண்ட காலம் சந்தா வாங்கிய பெருஞ்சங்கங்கள் கேட்டுப் பெறாததை, ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கக்கூடிய பெண்கள் கேட்டுப் பெற்றார்கள்.

அதன்பின் நடந்ததையும் மறைக்கக் கூடாது. பத்திரிகைகள் வந்தன, தொலைக்காட்சிகள் வந்தன, தேர்தல் வந்தது. அவ்வாண்டே உள்ளாட்சித் தேர்தலில் நின்று சில இடங்களையும் வென்றார்கள். பிறகு தலைமையில் பிளவு ஏற்பட்டது. ஆளுக்கொரு பக்கம் போனார்கள். காரணம் பலவாக இருக்கலாம். நமக்குப் படுவது இதுதான்: லயத்து வாசலில் நடந்த பேச்சு ஒலிபெருக்கிக்கு மாறியபோது, கேள்வி கேட்கும் பெண்களுக்கும் பதில் சொல்லும் பெண்களுக்கும் இடையே தூரம் விழுந்துவிட்டது. வளர்ந்தது தவறென்று சொல்லமாட்டோம். வளரும்போது அடியிலிருந்த லயங்களைக் கூடவே கூட்டிச்செல்ல ஓர் ஏற்பாடு இல்லாமற் போயிற்று.

கதவு திறந்திருக்கிறதா?

அருகிலேயே இன்னொரு உதாரணம். ஃபோர்ட் கொச்சி வெளி மைதானத்துப் பக்கம் இருக்கும் டோபிகானா. டச்சுக்காரர் காலத்தில் பட்டாளத்துத் துணி வெளுக்கத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அங்கே இன்றும் வெளுக்கிறார்கள். முன்பு குளக்கரையில் துவைத்தவர்களுக்கு 1976-இல் கொச்சி வளர்ச்சி ஆணையம் இப்போதைய கூடத்தைக் கட்டிக்கொடுத்தது. சுமார் நாற்பது துவைப்புத் தொட்டிகள். பொறுப்பு வண்ணார் சங்கத்தினுடையது. சுற்றுலாக்காரர்கள் கயிற்றில் காயும் துணியைப் படம் பிடித்துப் போகிறார்கள். (கிளிப் கிடையாது, முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் துணியின் முனையைச் செருகிவிடுகிறார்கள். அதையும் ஒருநாள் போய்ப் பாருங்கள்.) நாம் பார்க்க வேண்டியது கயிற்றை விட அந்தச் சங்கத்தை. யார் தொட்டி யாருடையது, எவர் வீட்டில் படுத்திருக்கிறார்கள், எவருடைய துணியை இன்று இன்னொருவர் துவைத்துக் கொடுக்கிறார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அவர்களுடைய பலம் அந்த நெருக்கத்தில் இருக்கிறது. குறையும் அங்கேதான் இருக்கிறது: அது பிறப்பால் அமைந்த வட்டம். பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகப் போக, அந்த வட்டத்துக்குப் புதிதாக வருபவர் யார்?

இதே கேள்வியை மட்டாஞ்சேரி யூதத் தெருவிலும் கேட்கலாம். 1568-இல் எழுந்த பரதேசி ஜெபாலயம் அங்கே நிற்கிறது. அடிமை வழியில் வந்தவர்கள் என்று ஒரு பிரிவினரை அதில் சமமாக உட்கார விடாமல் நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவராகப் பிறந்த வழக்கறிஞர் ஏ.பி. சேலம் சத்தியாகிரகம் செய்து போராட வேண்டியிருந்தது. 1948-க்குப் பிறகு பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்ததே அச்சமூகம் இங்கே சுருங்கியதற்கு முதற்காரணம், அதில் ஐயமில்லை. எனினும் பக்கத்து வீட்டுக்காரனுக்கே ஆசனம் மறுத்த சிறு வட்டம் எப்படித் தழைக்கும்? இன்று அத்தெருவில் யூதர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆகவே தோழர்களே, சிறியது என்பதற்காக மட்டும் எதையும் கொண்டாட நாம் வரவில்லை. நம் தெருக்கூட்டத்திலும் "நாங்கள் தேனிக்காரர்", "நீங்கள் திண்டுக்கல்", "அவர்கள் அந்தச் சாதி" என்று முணுமுணுப்பு எழுந்ததை அறிவோம். நேற்று பஸ்ஸில் வந்திறங்கியவன் இன்று மாலை கூட்டத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேச முடிகிறதா? வீட்டுவேலைக்குப் போகும் நம் பெண்கள் வரக்கூடிய நேரத்திலா கூட்டம் வைக்கிறோம்? ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து அதே அறையில் தங்கி அதே காண்டிராக்டரிடம் வேலை பார்ப்பவர் வாசலில் நின்றால் உள்ளே அழைக்கிறோமா? இவற்றுக்கு நாம் தருகிற விடையைப் பொறுத்துத்தான் நம் சங்கம் வளருமா வாடுமா என்பது இருக்கிறது.

பெரிய அமைப்பு தேவைப்படும் காரியங்களும் உண்டு. வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் 1979-இல் வந்தது. அதில் சொன்ன பயணப்படி யாருக்குக் கிடைத்தது என்று கேட்க ஒரு தெரு போதாது. அதற்கு வழக்கறிஞர் வேண்டும், சட்டமன்றத்தில் குரல் வேண்டும். பெருஞ்சங்கங்களின் கதவை அப்போது தட்டுவோம். நாற்பது வீட்டின் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு தட்டுவதற்கும் வெறுங்கையோடு போய் நிற்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கண்டோமே! எந்த அறையில் எத்தனை பேர், எவரிடம் அரிசி இல்லை என்று எழுதி வைத்திருந்த தெருவுக்கு உதவி சீக்கிரம் வந்தது. எழுதி வைக்காத தெருவில், யாரைத் தேடுவது என்று வந்தவர்களுக்கே தெரியவில்லை.

இதனால்தான் தெருவுக்கு ஓர் ஏடு என்ற யோசனையை அடுத்த மாதக் கூட்டத்தில் முன்வைக்கிறோம். நாற்பது வீட்டுக்கு ஒரு நோட்டு. பெயர், சொந்த ஊர், ஊரில் யாருக்குச் சொல்லவேண்டும், இங்கே யாரிடம் வேலை, பேசிய கூலி எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு. நாற்பது வீடு ஐம்பதானால் இரண்டு நோட்டாகப் பிரித்துவிடுவது. ஒரே நோட்டைத் தடிமனாக்கிக்கொண்டு போவதில்லை. மாதம் ஒருமுறை நோட்டுக்காரர்கள் மட்டும் கூடி, எந்தக் காண்டிராக்டர் எந்தத் தெருவில் கூலியைக் குறைக்கிறார் என்று ஒப்பிட்டுப் பார்ப்பது. இந்தக் கூலிக்குக் கீழே எவரும் போவதில்லை என்று முதலில் நாற்பது வீடு தீர்மானிக்கட்டும், பிறகு பக்கத்துத் தெருவிடம் பேசுவோம். நோட்டை வைத்திருப்பவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். இருவரில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து எந்தக் குழுவிலும் போடக்கூடாது. கைப்பேசி தெரிந்த இளைஞர்கள்தான் இதைப் பெரியவர்களுக்கு விளக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு பேனா கொண்டுவரவும், நோட்டுகளைச் சங்கம் வாங்கித் தரும்.