படம் சிதறினால் பாக்ஸா குற்றவாளி?

தொலைக்காட்சிப் படம் சதுரம் சதுரமாகச் சிதறுகிறதா? புதிய செட்டாப் பாக்ஸ் கேட்டு அடம் பிடிக்காதீர்கள்.

டிஜிட்டல் ஒளிபரப்பில் சிறு பிழைகளை அந்த பாக்ஸே திருத்திவிடும். சமிக்ஞை ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால்தான் படம் உடையும். ஆகவே, நேற்றுவரை தெளிவாகத் தெரிந்ததால் குறை இன்றுதான் தோன்றியது என்று எண்ணலாகாது.

2015-இல் ஏவப்பட்ட ஜிசாட்-15 சுமார் 36,000 கி.மீ. உயரத்தில், செங்கல்பட்டுக்குத் தென்கிழக்கு வானில் உள்ளது. உங்கள் டிஷ் அதை நோக்கியிருந்தால், அத்திசையில் மரக்கிளை வளர்ந்து மறைக்கிறதா என்று தரையிலிருந்தே பாருங்கள். மாமல்லபுரக் கரையிலோ உப்புக்காற்று கேபிள் இணைப்புகளை அரித்துவிடும். பெருமழையும் அலைகளை வலுவிழக்கச் செய்யும்; மழை விட்டதும் படம் திரும்பினால் பழுது இல்லை.

ஒவ்வொன்றாகச் சோதித்து, திரையில் சமிக்ஞை அளவைப் பார்த்துக் குறித்து வையுங்கள். ஆய்வு செய்ய ஆய்வுக்கூடம்தான் வேண்டுமென்பதில்லை!