கல்லீரலுக்கு யார் காவல்?

அந்தமான் தலைநகரின் சாத்தம் துறையிலிருந்து படகேறினால் சற்று நேரத்தில் பாம்பூஃப்ளாட். அந்தத் தீவுக்கூட்டத்தின் கார் நிக்கோபார், நான்கவுரி தீவுகளில் 14,491 ஹெக்டேர் நிலத்துக்கு 2021-ல் மத்திய வேளாண் அமைச்சகம் இயற்கை வேளாண் சான்று வழங்கியது. பாராட்டத்தக்கதே. ஆனால் சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் கப்பலில் வரும் உணவுப் பொருள்களை நம்பியிருக்கும் தீவுவாசிகளுக்கு, தங்கள் மண் மட்டும் தூய்மையாக இருந்தால் போதுமா?

குடலிலிருந்து செல்லும் ரத்தம் முதலில் சேருமிடம் கல்லீரல். நஞ்சை முறிக்கும் பொறுப்பும் அதற்கே. கொடுமை என்னவெனில், குளோர்பைரிபாஸ் போன்ற மருந்துகளை மேலும் கொடிய நஞ்சாக மாற்றுவதிலும் கல்லீரலுக்கே பெரும் பங்கு உண்டு. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையோ, ஓரிரு நாள் பெரிய அறிகுறி காட்டாமலிருந்து பின்னர் கல்லீரலைச் செயலிழக்கச் செய்கிறது. அதற்கு மாற்று மருந்து இல்லை.

தமிழகத்தில் இந்தப் பசையால் பலர் உயிரிழந்ததை அடுத்து மாநில அரசு அதற்குத் தடை விதித்தது. ஆறு பூச்சிக்கொல்லிகளுக்கும் 2022–23-ல் தடை வந்தது. ஆனால் அந்த ஆறுக்குமான தடை 60 நாள்களுக்கு மட்டுமே. காரணம், 1968-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் மாநிலங்களுக்குத் தற்காலிகத் தடைக்கான அதிகாரத்தையே அளித்துள்ளது. நிரந்தரத் தடை தில்லியின் கையில்.

தில்லியின் வேகம் நாடறிந்ததே. 2013-ல் பிகாரின் சாப்ரா அருகே மதிய உணவில் மோனோகுரோட்டோபாஸ் கலந்து 23 குழந்தைகள் மாண்டனர். அம்மருந்தின் பரவலாகப் புழங்கிய 36 சதவீதக் கரைசலுக்குத் தடை வந்தது 2023-ல். இடையில் 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் மருந்து தெளித்த தொழிலாளர்களும் விவசாயிகளும் இருபதுக்கு மேற்பட்டோர் பலியாயினர்.

2008-ல் கொண்டுவரப்பட்ட பூச்சிக்கொல்லி மேலாண்மை மசோதா நிறைவேறாமல் போனது. 2020 மார்ச்சில் மாநிலங்களவையில் மீண்டும் ஒரு மசோதா அறிமுகமாகி, நிலைக்குழுவின் ஆய்வுக்குச் சென்றது. 2021 டிசம்பரில் குழு அறிக்கையும் அளித்தது.

எந்தப் புதிய சட்டமானாலும், ஆபத்தான மருந்தை நிரந்தரமாகத் தடை செய்யும் அதிகாரத்தை மாநிலங்களுக்கும் வழங்க வேண்டும். தெளிப்பவருக்குப் பாதுகாப்புக் கவசமும், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடும் உறுதி செய்யப்பட வேண்டும். சட்டப்பேரவையே இல்லாத அந்தமானுக்கு நாடாளுமன்றம்தான் ஒரே புகலிடம். மக்களவையில் அதன் குரலோ ஒன்றே ஒன்று. அந்தக் குரலுக்காக மற்ற உறுப்பினர்களும் பேச வேண்டும்.