இலக்கணமா? இனப் பெருமையா?

மொழிக்கு இலக்கணம் எழுதுவது அறிவுப் பணி. அதையே கொடிக்கம்பத்தில் ஏற்றி, இதை வணங்காதவன் இந்நாட்டு மகனே அல்ல என்பது ஆதிக்கம். இரண்டையும் குழப்பினால் என்ன நேரும்? ஜப்பானைப் பாருங்கள், தோழர்களே!

1894-ல், சீனாவோடு போர் நடந்த வேளையில், ஜெர்மனியில் படித்துத் திரும்பிய உவேதா கசுதோஷி என்ற மொழியியல் பேராசிரியர், ஜப்பானிய மொழி ஜப்பானியரின் ஆன்மாவில் ஓடும் இரத்தம் என்று முழங்கினார். 'கொகுகோ', அதாவது நாட்டுமொழி, என்ற சொல் அரியணை ஏறியது. 1908-ல் பெரும் இலக்கண நூல் எழுதிய யமதா யோஷியோ, அந்த நாட்டுமொழியைப் பேரரசர் பக்தியோடு பிணைத்தார். ஜப்பானிய மொழி என்று சொன்னால் பக்கத்தில் வேறு மொழியும் இருக்கலாம். நாட்டுமொழி என்றுவிட்டால் மற்ற மொழிக்கு நாட்டிலே இடமேது?

விலை கொடுத்தவர் யார்? பேராசிரியர்களா? ஒக்கினாவாப் பள்ளிகளில் தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் பலகை மாட்டினார்கள். அடுத்துப் பேசும் பிள்ளையைக் காட்டிக் கொடுத்தால்தான் அது கழுத்தை விட்டு இறங்கும்! பிழைப்புத் தேடி ஒசாகா ஆலைகளுக்குப் போன ஒக்கினாவாத் தொழிலாளி, வாய் திறந்ததுமே இழிவுபட்டான். ஜப்பானின் பிடியில் இருந்த கொரியாவில், தாய்மொழிக்கு அகராதி தொகுத்த அறிஞர்களை 1942-ல் கைது செய்தார்கள். இருவர் சிறையிலேயே மாண்டனர்.

அதற்காக இலக்கண ஆய்வே கூடாது என்கிறோமா? இல்லவே இல்லை. மிகாமி அகிரா என்ற கணக்கு வாத்தியார், 'யானைக்கு மூக்கு நீளம்' என்று பொருள்படும் நூலை 1960-ல் எழுதினார். ஐரோப்பியரின் எழுவாயை ஜப்பானிய மொழியின் தலையில் கட்டாதீர்கள் என்று வாதாடினார். தன் மொழியைத் தன் கண்ணால் பார்த்தார். பிறர் மொழியை மிதிக்கவில்லை.

நமக்கும் இதில் பாடம் உண்டு. ஓனோ சுசுமு என்ற அறிஞர் ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்றதும் நம்மவர் மார்தட்டினர். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ஏற்றால்தான் என்ன? அந்தப் பெருமையால் நம் குடியிருப்புப் பிள்ளைக்கு ஒரு தமிழ் வாத்தியார் கிடைப்பாரா?

1944-ல் தோன்றிய ஜப்பானிய மொழியறிஞர் சங்கம், தன் பெயரிலிருந்த 'கொகுகோ'வை 2004-ல்தான் நீக்கியது. அறுபது ஆண்டு! பள்ளிப் பாடத்துக்கோ இன்றும் அதே பெயர்தான்.

பிழைக்க வந்த ஊரின் மொழியைக் கற்போம். தாய்மொழியையும் கற்பிக்கக் கேட்போம். அது உலகிலேயே உயர்ந்தது என்பதற்காக அல்ல. நம் பிள்ளைகளின் மொழி என்பதற்காக. நம் பிள்ளை கழுத்தில் பலகை மாட்ட எவரையும் விடமாட்டோம். பிறர் பிள்ளை கழுத்தில் நாமும் மாட்டமாட்டோம்!