கடையை வாங்கிய கிராமம்

இங்கிலாந்தின் வடமேற்கில் இருக்கிறது கம்ப்ரியா. மலையும் ஏரியும் ஆட்டு மந்தையும் நிறைந்த பகுதி. அங்கே வெளியே சாப்பிட விரும்புவோருக்கு இரண்டு வழி உண்டு.

கார்ட்மெல் கிராமத்தில் ஒரு பழைய கொல்லன் பட்டறை. 2002-ம் ஆண்டில் சைமன் ரோகன் என்ற சமையல் நிபுணர் அதை ஓட்டல் ஆக்கினார். பெயர் "லான்க்ளூம்". காய்கறிகள் சொந்தப் பண்ணையில் விளைகின்றன. 2022-ல் மிச்செலின் வழிகாட்டி நூல் இதற்கு 3 நட்சத்திரம் கொடுத்தது. அதற்கு மேல் பட்டம் இல்லை!

ஆனால் அங்கே சாப்பிடப் பணம் நிறைய வேண்டும். சாதாரண மக்கள் எங்கே போவார்கள்?

அவர்களுக்கு "பப்" இருக்கிறது. சாப்பாடு, பீர், ஊர்ப் பேச்சு எல்லாம் அங்கேதான்.

ஏன் மூடுகிறார்கள்?

இன்று கிராமத்துப் பப்புகள் பல மூடப்படுகின்றன. சாப்பாட்டுக்கு 20 சதவீத வரி. கொரோனா காலத்தில், 2020-ல், அதை 5 சதவீதமாகக் குறைத்தார்கள். 2022-ல் மறுபடியும் 20 ஆயிற்று. தொழிலாளருக்காக முதலாளி கட்டும் காப்பீட்டு வரியும் 2025 ஏப்ரலில் 13.8 சதவீதத்திலிருந்து 15 ஆக உயர்ந்தது. சிறிய கடை எப்படித் தாங்கும்?

ஹெஸ்கெட் நியூமார்க்கெட் கிராமத்தார் ஒரு வழி கண்டார்கள். 2003-ல் பலர் பங்கு போட்டு, தங்கள் ஊர் "ஓல்டு கிரவுன்" பப்பை விலைக்கு வாங்கினார்கள். கூட்டுறவு முறையில் வாங்கப்பட்ட பப் அது.

நட்சத்திர ஓட்டலைத் தேடி வெளியூரார் வருவார்கள். ஊர்க் கடையை ஊராரே காப்பாற்ற வேண்டும்!