வெள்ளிப் பூண் போட்ட செங்கோல்



சென்ற இதழில் ஜெருசலேம் மன்னர் நான்காம் பால்ட்வின் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தோம். தொழுநோயோடு அரியணை ஏறி, 1177இல் மான்ட்கிசார்ட் களத்தில் சலாவுதீனின் படையை முறியடித்தபோது அவருக்கு வயது பதினாறு. அதைப் படித்த ஒரு பள்ளி மாணவி, கரமனையிலிருந்து எழுதியிருக்கிறார்: "நம்ம பக்கம் இப்படி ஒரு கிறிஸ்தவ ராஜா இருந்தாரா சார்?" கேள்வி ஒரு வரிதான். பதில் அப்படி ஒரு வரியில் அடங்காது. இந்த மாதம் இந்தப் பக்கம் அந்தக் கேள்விக்கே.

இருந்தார் என்றுதான் கேரளத்து மார்த்தோமா கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். வம்சத்தின் பெயர் வில்லார்வட்டம். தமிழ்க் காதுக்கு அதில் வில் கேட்கும். முதலில் சேந்தமங்கலத்திலும் பிறகு கொச்சிக்குத் தெற்கே உதயம்பேரூரிலும் இருந்து ஆண்டார்கள், வாரிசு அற்றுப்போனதும் ஆட்சி கொச்சி அரசரிடம் சேர்ந்தது என்பது வழக்கு. அந்தக் கிறிஸ்தவர்கள் மிளகு வியாபாரத்தோடு ஆயுதமும் பழகியவர்கள். உள்ளூர் அரசர்களின் படைகளில் போரிட்டவர்கள். தங்களுக்கென்று ஓர் அரசர் இருந்ததாக அவர்கள் சொன்னதில் வியப்பில்லை.

ஐரோப்பாவோ வேறொரு ராஜாவைத் தேடிக்கொண்டிருந்தது. கீழ்த்திசையில் எங்கோ 'பிரஸ்டர் ஜான்' என்ற கிறிஸ்தவப் பேரரசர் பெரும் படையோடு இருக்கிறார் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்தே அங்கே நம்பினார்கள். 1439இல் போப் நான்காம் யூஜின், 'இந்தியரின் அரசர் தாமஸ்' என்று விளித்து ஒரு கடிதமே எழுதினார். கொண்டுவந்த தூதர்கள் இந்தியா வரை வந்து சேரவில்லை.

1502. வாஸ்கோட காமாவின் இரண்டாம் பயணம். கொச்சியில் நின்ற அவருடைய கப்பலுக்குக் கிறிஸ்தவர்கள் சிலர் வந்தார்கள். கையில் ஒரு கோல். சிவப்பு நிறம், இரு முனையிலும் வெள்ளிப் பூண், தலைப்பில் மூன்று சின்ன வெள்ளி மணிகள். எங்கள் அரசருடைய செங்கோல் இது, அவர் காலமாகிவிட்டார், இனி போர்ச்சுகல் மன்னர்தான் எங்களைக் காக்க வேண்டும் என்று சொல்லி காமாவிடம் கொடுத்தார்கள். போர்ச்சுகீசிய வரலாற்றாசிரியர்கள் இதை எழுதி வைத்திருக்கிறார்கள். செங்கோல் என்றால் வளையாத கோல் என்றுதான் நமக்குப் பழக்கம். இந்தக் கோல் நிறத்திலும் செங்கோல்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். மெக்காவிலிருந்து திரும்பிய யாத்திரிகர்கள் நிறைந்த கப்பலை, பெண்களும் குழந்தைகளும் உள்ளே இருக்கும்போதே, அதே பயணத்தில் கொளுத்திய கை அது. அந்தக் கையில்தான் மணிகள் குலுங்கக் கோலைக் கொடுத்தார்கள். அவர்கள் கேட்டது காவல். அவருக்கு அது அடிபணிதல்.

வில்லார்வட்டத்தார் பேரரசர்களா? இல்லை என்பதே என் முடிவு. கொச்சிக்கு அடங்கிய சிற்றரசர்களாக இருந்திருக்கலாம். அவர்கள் கிறிஸ்தவர்கள்தானா என்பதிலேயே ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் செங்கோல் ஒன்றை எடுத்துக் கொடுக்கும் அளவுக்கு அந்தச் சமூகத்துக்கு மதிப்பும் நினைவும் இருந்தன. அந்த மதிப்பு எங்கிருந்து வந்தது என்று அறிய கொச்சி வரை போக வேண்டாம், நம் வேணாட்டைப் பார்த்தால் போதும். பின்னாளில் திருவிதாங்கூராக வளர்ந்த அதே வேணாடு. 849இல் அதை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள், கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்ற தேவாலயத்துக்கு நிலமும் உரிமைகளும் கொடுத்துச் செப்பேடு வெட்டுவித்தார். எழுத்து வட்டெழுத்து. பள்ளிக்கு உரிய ஈழவர்களிடம் ஏணிக்காணம் வாங்கக்கூடாது என்கிறது அது; பனையேறும் ஏணிக்கு அன்று வரி! சாட்சிக் கையெழுத்துகள் அரபியிலும் பஹ்லவியிலும் எபிரேய எழுத்திலும் இருக்கின்றன. ஓர் இந்து அரசர் ஒரு தேவாலயத்துக்குக் கொடுத்த சொல்லுக்கு முஸ்லிம்களும் பார்சிகளும் யூதர்களும் சாட்சி.

செங்கோல் கைமாறி 97 ஆண்டு கழித்து, 1599 ஜூனில், அதே உதயம்பேரூரில் கோவா பேராயர் மெனசிஸ் சுனகதோஸ் என்ற திருச்சபைப் பேரவையைக் கூட்டினார். வழிவழியாக வந்த சிரியாக் நூல்கள் பல தவறானவை என்று அங்கே தீர்ப்பாயின, பல தீக்கிரையாயின. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மக்கள் 1653 ஜனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில் திரண்டு, சிலுவையில் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி, இயேசு சபைப் பாதிரியார்களுக்கு இனிக் கீழ்ப்படிய மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். கூனன் குரிசு சத்தியம் என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள். அந்த நாளில் அவர்கள் எந்த ராஜாவையும் தேடவில்லை.

கரமனைத் தங்கைக்கு ஒரு வார்த்தை. அடுத்த விடுமுறையில் அப்பா அம்மாவோடு எர்ணாகுளம் பக்கம் போனால் திருப்பூணித்துறையில் இறங்குங்கள். உதயம்பேரூர் பக்கத்தில்தான். அந்தத் தேவாலயத்தைச் சுனகதோஸ் பள்ளி என்று கேட்டால் வழி சொல்வார்கள். பார்த்துவிட்டு வந்து இரண்டு பக்கமாவது எழுதி அனுப்புங்கள், இதே இடத்தில் வெளியிடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்
திருவனந்தபுரம்